கறிக்குழம்பைச் சுண்டவைத்தால் போதாதா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து 34 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

குலதெய்வம் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி, 200 பேருக்கு மேல் சாப்பாடு. காலை 11 மணிக்குக் குழம்பு இறங்கியது, பன்னிரண்டரைக்குப் பந்தி. மிஞ்சிய கறிக்குழம்பை 10 லிட்டர் பிடிக்கிற குண்டானில் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, வேனில் ஏற்றிக்கொண்டு மாலை 5 மணிக்கு வீடு வந்தார்கள். இரவு 8 மணிக்கு அவருடைய அத்தை (மாமியார்) அதைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்படியே அடுப்பில் மூடிவைத்துவிட்டார். சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் குழம்பும் கெடும், ஃப்ரிட்ஜும் கெடும் என்பது அத்தையின் கட்சி. மறுநாள் காலை 8 மணிக்கு லேசாகச் சூடு காட்டி இட்லிக்கு ஊற்றினார்கள்.

அன்று மாலை 4 மணி தொடங்கி வாசகி, அவர் கணவர், 7 வயது மகன், பிரசவத்துக்கு முன்பே தாய்வீடு வந்திருந்த ஐந்து மாதக் கர்ப்பிணி நாத்தனார் ஆகிய நான்கு பேருக்கும் வயிற்றைப் பிசைந்து தண்ணீராகப் போயிற்று. வாந்தி இல்லை, காய்ச்சல் இல்லை. மறுநாள் மதியத்துக்குள் எல்லோருக்கும் நின்றுவிட்டது. ஆளுக்கு ஒரு கரண்டி மட்டும் ஊற்றிக்கொண்ட அத்தைக்கும் மாமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெருநாய்க்கும் கொஞ்சம் போட்டார்களாம், அதற்கும் ஒன்றும் ஆகவில்லையாம்.

இப்போது வீட்டில் பஞ்சாயத்து. கறி சரியில்லை என்று சொல்லி, சமையல் மாஸ்டருக்குத் தரவேண்டிய 5,000 ரூபாயைக் கணவர் நிறுத்திவைத்திருக்கிறார். "நாற்பது வருசமா சுண்டவச்சுத்தான் சாப்பிடுறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்கிறார் அத்தை. நாத்தனாரின் குழந்தைக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம் வேறு. இனி மிஞ்சுகிற கறியை எப்படித்தான் வைத்துக்கொள்வது என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: அந்தக் குழம்பில் ஒரு தூக்குவாளி இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஆறு நாள் ஆகிறது. கொட்ட அத்தை விடவில்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

மணிக்கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுதியதற்கு முதலில் நன்றி. என் அறைக்கு வயிற்றுப்போக்கோடு வருகிறவர்களிடம் "என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் பாதிப் பேர் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் சொல்வார்கள். உணவு நஞ்சான கதையில் பல சமயம் கடைசியாகச் சாப்பிட்டது குற்றவாளியாக இருப்பதில்லை. நீங்கள் கொடுத்த நேரங்களே உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் சொல்லிவிடுகின்றன.

மாஸ்டரின் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்

காலை 8 மணிக்குச் சாப்பிட்டு மாலை 4 மணிக்குத் தொடங்கியிருக்கிறது. இடையில் 8 மணி நேரம். வயிற்றுவலியும் பேதியும் உண்டு, வாந்தியும் காய்ச்சலும் இல்லை, ஒரு நாளுக்குள் தானாக நின்றது. மலத்தையும் குழம்பையும் ஆய்வகத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் பெரிய பாத்திரத்தில் சமைத்து மெல்ல ஆறிய கறி, இந்த அறிகுறிகள், இந்த இடைவெளி மூன்றும் சேர்ந்தால் எங்களுக்கு முதலில் நினைவு வருகிற பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற பாக்டீரியா. சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொன்று இருக்கிறது. அது சமைக்கிறவர், பரிமாறுகிறவர் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருவது. அதுவாக இருந்தால் சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே, சிலருக்கு அரை மணியிலேயே, குடம் குடமாக வாந்தி வந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அதே குழம்பை மதியம் 200 பேர் சாப்பிட்டார்கள். அவர்களில் யாரும் படுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அந்தப் பந்தியில் சாப்பிட்டவர்தான். ஆக, மாஸ்டர் இறக்கிய குழம்பு நல்ல குழம்பு. அதற்குப் பிறகு வேனிலும் வீட்டு அடுப்பிலும் அது கழித்த 20 மணி நேரத்தில்தான் கெட்டிருக்கிறது. பந்தியில் சாப்பிட்டவர்களுக்கே கூட்டமாக நோவு வந்திருந்தால் கதை வேறு. அப்போது மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. நான் வக்கீல் இல்லை. ஆனாலும் இந்தக் கதையை எந்த வக்கீலிடம் சொன்னாலும், 200 பேர் பக்கம்தான் சாட்சி இருக்கிறது என்பார். உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த 5,000 ரூபாயில் பிடித்தம் செய்ய நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அத்தை சொல்வதில் உண்மையும் இருக்கிறது

"கொதிக்கவைத்தால் கிருமி செத்துவிடும்" என்று அத்தை நம்புகிறார். செத்துவிடும்தான். சிக்கல் விதையில் இருக்கிறது. பெர்ஃப்ரின்ஜென்ஸ் தனக்கு ஆகாத காலத்தில் கடினமான ஓடு கட்டிக்கொண்டு வித்தாக உறங்கும். அந்த வித்து கொதிக்கிற குழம்பிலும் பிழைத்துக் கிடக்கும். அடுப்பை அணைத்து, குழம்பு வெதுவெதுப்புக்கு இறங்கியதும் முளைக்கும். சுமார் 12 முதல் 50 டிகிரி வரை அது வளரும். 43 முதல் 47 டிகிரிக்குள் நாம் ஆச்சரியப்படும் வேகம், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்து நிமிடம் என்றே வைத்துக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

10 லிட்டர் குண்டான், மூடிய தட்டு, திண்டுக்கல் கோடை. நடுக்குழம்பு அந்த 50-இலிருந்து 40 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று யோசியுங்கள். இரவு கொதிக்கவிட்டபோது அன்று பகல் முளைத்தவை செத்தன. வித்துக்கள் மறுபடி பிழைத்தன. விடிய விடிய அதே விளையாட்டு இன்னொரு முறை. மேலே படிந்த கொழுப்பு ஏடு குழம்பைக் காக்கும் என்று ஊரில் சொல்வார்கள். காற்றுப் பட்டுக் கெடும் சமாச்சாரத்துக்கு அது சரி. இந்தக் கிருமிக்கோ காற்றே ஆகாது. கொதித்துக் காற்று வெளியேறிய குழம்பு, மேலே நெய்யும் கொழுப்புமாக ஒரு மூடி என்றால், அதற்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி.

அப்படியானால் நாற்பது வருடம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். அத்தை பொய் சொல்லவில்லை. பழைய சுண்டவைப்பில் மூன்று காரியங்கள் சேர்ந்தே நடந்தன. குழம்பு கொஞ்சமாக இருந்தது, அகன்ற மண்சட்டியில் இருந்தது, சீக்கிரம் ஆறியது. சுண்டச் சுண்டத் தண்ணீர் வற்றி உப்பும் காரமும் ஏறியது. புளி சேர்ந்த குழம்பானால் புளிப்பும் காத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மறுநாள் காலையில் சாப்பிடுவதற்கு முன் மறுபடியும் நன்றாகக் கொதிக்கவைத்தார்கள். இரவில் பெருகிய கிருமி அந்தக் கொதியில் செத்தது. இது குடலுக்குள் போய் உயிரோடு இருந்தால்தான் நஞ்சைக் கக்கும் வகை.

உங்கள் வீட்டில் அன்று விட்டுப்போனது அந்தக் காலைக் கொதி. காதுகுத்து அலுப்பு, இட்லி ஆறிவிடும் என்ற அவசரம், "லேசாக" ஒரு சூடு. கடிதத்தில் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெதுவெதுப்பான குழம்போடு லட்சக்கணக்கில் உயிருள்ள கிருமியையும் சேர்த்துத்தான் இட்லிக்கு ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டவர்கள் தப்பித்ததற்கும் அளவுதான் காரணமாக இருக்கும்.

சரி, தினமும் காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாமா? கூடாது. ஸ்டெஃபைலோகாக்கஸ் குழம்பிலேயே நஞ்சைக் கக்கிவைத்துவிடும், கிருமி செத்தாலும் அந்த நஞ்சு கொதிக்கு அசையாது. பிரியாணிச் சோற்றில் வளரும் பாசிலஸ் சீரியஸின் வாந்தி நஞ்சும் அப்படித்தான். கையால் அள்ளி, ருசி பார்த்த கரண்டியை மறுபடி விட்டுக் கிளறி, நாலு பேர் புழங்கிய விருந்துக் குழம்பில் எது எது விழுந்ததென்று யாருக்குத் தெரியும்?

மோந்து பார்ப்பதை நம்ப வேண்டாம். நாற்றம் அடிக்கச் செய்யும் கிருமிகள் வேறு, நோவு தரும் கிருமிகள் வேறு. பிந்தையவை கோடிக்கணக்கில் இருந்தாலும் குழம்பு கமகமவென்றுதான் இருக்கும். நாய்க்குப் போட்டுப் பார்ப்பதும் வேண்டாம், பாவம் அது. அதன் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

இனி என்ன செய்யலாம்

அடுப்பை விட்டு இறங்கிய கறி 60 டிகிரிக்கு மேல் ஆவி பறக்க இருக்கவேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே சில்லென்று இருக்கவேண்டும். நடுவில் எங்கே நின்றாலும் ஆபத்து. இந்த நடுப்பகுதியில் சமைத்த கறி மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் 1 மணி நேரம். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் அந்த ஒரு மணிக் கணக்குத்தான் பொருந்தும்.

ஆகவே, விருந்தில் மிஞ்சும் என்று தெரிந்தால் முதல் வேலை, அங்கேயே பக்கத்து வீடுகளுக்கும் உறவுகளுக்கும் சூடாகக் கொடுத்து அனுப்பிவிடுவது. அன்றைக்கே சாப்பிட்டுவிடச் சொல்லுங்கள். 10 லிட்டர் குழம்பைக் காப்பாற்ற நம் வீட்டுச் சமையலறைகளில் வசதி கிடையாது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, கல்யாண மண்டபங்களுக்கே அது பெரிய பாடு.

வீட்டளவு மிச்சம் என்றால், குண்டானோடு ஃப்ரிட்ஜில் தள்ளாதீர்கள். அப்படி வைத்தால் ஓரம் குளிரும், நடு இரவெல்லாம் வெதுவெதுப்பாகக் கிடக்கும். அகலமான எவர்சில்வர் பாத்திரங்களில் இரண்டு விரற்கடை, மிஞ்சிப்போனால் மூன்று விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். குழந்தைக்குப் பாலை ஆற்றத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே வேலைதான்: அண்டாவிலோ தாம்பாளத்திலோ குளிர்ந்த தண்ணீர் விட்டு, அதில் பாத்திரத்தை இறக்கி, சுத்தமான கரண்டியால் கிளறிவிடுங்கள். ஐஸ் கட்டி இருந்தால் தண்ணீரில் போடுங்கள், குழம்பில் அல்ல. அரை மணிக்குள் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடலாம். அறைச் சூட்டுக்கு முழுதாக இறங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முழுதாக ஆறியதும் மூடி போட்டால் போதும்.

"சூட்டோடு வைத்தால் ஃப்ரிட்ஜ் கெடும்" என்பது இன்றைய பெட்டிகளுக்குப் பொருந்தாது. கொதிக்கிற பெரிய பாத்திரத்தை வைத்தால் பக்கத்தில் இருக்கும் பாலும் மாவும் சூடேறும், அதனால்தான் சிறு பாத்திரமாகப் பிரித்து வைக்கச் சொல்கிறேன்.

சமைத்தது மேல்தட்டில், பச்சைக் கறி அடித்தட்டில் மூடிய டப்பாவில். பச்சைக் கறியின் தண்ணீர் குழம்பில் சொட்டக்கூடாது. கதவுத் தட்டில் கறி வேண்டாம், அடிக்கடி திறப்பதால் அங்கேதான் சூடு அதிகம். உள்ளே இருக்கும் திருகில் 1, 2, 3 என்று போட்டிருப்பது டிகிரி அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும். கோடையில் ஒரு எண் ஏற்றிவையுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு ஃப்ரிட்ஜே வேண்டாம், பீரோவில் வைத்துவிடலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போய் மதியம் 2 மணிக்கோ அதற்குப் பிறகோ வரும் நாள் உங்களுக்கும் தெரிந்ததே. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். அதைத் தாண்டினால் கறிக்குழம்பை முந்தின நாளே தீர்த்துவிடுவது நல்லது.

எத்தனை நாள்? 3 நாள், மிஞ்சினால் 4 நாள். தேங்காய் அரைத்து விட்டது என்றால் அடுத்த நாளே தீர்த்துவிடுங்கள், ருசியும் அதற்கு மேல் நிற்காது. அதைவிட அதிக நாள் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கு ஆகும் அளவு அளவாகப் பிரித்து, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். ஃப்ரீசர் -18 டிகிரியில் நின்றால் மாதக்கணக்கில் கெடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி பல வீடுகளில் அந்தக் குளிரை எட்டுவதில்லை, அதனால் இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிடுங்கள். எடுக்கும்போது முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு இறக்கி உருகவிடுங்கள். சமையல் மேடையில் காலை முழுவதும் வைத்து உருக்குவது, இத்தனை பாடும் பட்டுவிட்டுக் கடைசியில் கோட்டைவிடுவது.

சூடுபண்ணும்போது தேவையானதை மட்டும் தனியே எடுத்து, கிளறிக் கிளறித் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். சுக்கா, வறுவல் என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி, துண்டின் உள்ளே வரை ஆவி பறக்கவேண்டும். மைக்ரோவேவ் ஓரத்தைச் சுட்டு நடுவைக் குளிராக விடும், இடையில் நிறுத்திக் கிளறுங்கள். சூடுபண்ணி மிஞ்சியதை மறுபடி ஃப்ரிட்ஜுக்குள் அனுப்பாதீர்கள். பிரியாணியையும் தம் போட்ட அண்டாவிலேயே விடாமல், தட்டுகளில் பரப்பி ஆற்றிவிட்டு உள்ளே வையுங்கள்.

மிஞ்சிய சுக்காவை வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போல வைத்துக்கொள்ளலாமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். உப்புக்கண்டம் பச்சைக் கறியை மெல்லியதாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, ஈரம் போகக் காயவைப்பது. மசாலாவும் எண்ணெயும் ஊறிய வெந்த கறி வெயிலில் காயாது, கிருமிக்குப் பிடித்த சூட்டில் ஊறிக்கிடக்கும். வேண்டாம்.

நாத்தனாருக்கும் பையனுக்கும்

பெர்ஃப்ரின்ஜென்ஸ் குடலோடு நின்றுவிடும் விவகாரம். ஒரு நாளில் நின்று, அவர் நன்றாகத் தண்ணீர் குடித்து, குழந்தையின் அசைவும் வழக்கம்போல் இருந்தால் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த முறை மகப்பேறு மருத்துவரைப் பார்க்கும்போது நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நாங்கள் தனியாக அஞ்சுவது லிஸ்டீரியா என்ற கிருமிக்கு. அது ஃப்ரிட்ஜின் குளிரிலேயே மெதுவாக வளரும், சாப்பிட்டுச் சில வாரங்கள் கழித்தும் காய்ச்சலாகத் தலைகாட்டலாம். உங்கள் குழம்பில் அது இருந்ததற்கு அறிகுறி ஏதுமில்லை. இருந்தாலும் வரும் வாரங்களில் அவருக்குக் காய்ச்சலோ உடம்புவலியோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். பிரசவம் ஆகும்வரை அவருக்கு மட்டும் அன்றன்று சமைத்த கறி போதும்.

மருந்துக் கடையில் கேட்டு, பையனுக்குப் பேதியை நிறுத்தும் மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை, இனி வேண்டாம். லோபரமைடு வகை மாத்திரையைக் குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லாமல் தரக்கூடாது, குடலின் அசைவையே அது கட்டிப்போடும். ஒரு நாளில் தானாக நிற்கும் இந்த மாதிரி பேதிக்கு ஆன்டிபயாடிக் தேவையும் இல்லை. தேவை தண்ணீரும் உப்பும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதாக 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போட்டால் அளவு தப்பிவிடும். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பழச்சாறு போல அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புத் தண்ணீர் இதற்கு ஈடாகாது.

மலத்தில் ரத்தம், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடித்ததெல்லாம் வாந்தி, குழந்தை துவண்டு கிடப்பது, கண் செருகல், கடும் காய்ச்சல், பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வீட்டு வைத்தியம் பேசிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வண்டி இல்லையென்றால் 108.

கடைசியாக அந்தத் தூக்குவாளி. அது அதே குண்டானிலிருந்து, அதே இரவுக்குப் பிறகு எடுத்து வைத்தது. ஆறு நாளும் ஆகிவிட்டது. இனி எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அதைச் சாப்பிடலாம் என்று என்னால் சொல்ல முடியாது. குலதெய்வத்துக்குப் போட்ட கிடாவைக் குப்பையில் போடுவதா என்று அத்தை தயங்குவது புரிகிறது. குப்பையில் வேண்டாம் என்றால் கொல்லையில் நாய் தோண்டாத ஆழத்தில் குழி எடுத்துப் புதைத்துவிடுங்கள். தூக்குவாளியைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அத்தை கேட்டால் டாக்டர்தான் சொன்னார் என்று பழியை என்மேல் போடுங்கள். இதைவிடப் பெரிய பழியெல்லாம் என்மேல் போட்டிருக்கிறார்கள்.